உங்களுக்குத் தெரியுமா? தூந்திராவில் ஒரு தலைக்கட்டுக் கணக்கு

● கோடியக்கரை உப்பளங்களிலும் சேற்று வெளிகளிலும் மார்கழி, தை மாதங்களில் கூட்டங்கூட்டமாக ஓடி ஓடி இரை பொறுக்கும் கொசு உள்ளானுக்கும் வளைமூக்கு உள்ளானுக்கும் பிறந்த இடம் நம் ஊர் அல்ல. ரஷ்யாவின் வடவிளிம்பில், ஆர்க்டிக் கடலை ஒட்டிக் கிடக்கும் மரமில்லாத தூந்திரா வெளிதான் அவற்றின் தாய்வீடு. கொசு உள்ளானின் எடை முப்பது கிராமைத் தொடுவதே அரிது. அந்த உடம்போடு ஆண்டுக்கு இரண்டு முறை இத்தனை தூரத்தைக் கடந்துவிடுகிறது.

● வளைமூக்கு உள்ளானின் முட்டையைப் பறவை அறிஞர்கள் முதன்முதலாகக் கண்டது 1897-இல். சைபீரியாவின் யெனிசெய் ஆறு கடலில் கலக்கும் பகுதியில் பாப்பம் என்ற ஆங்கிலேயர் கண்டெடுத்தார். பசிபிக் தீவுகளில் 18-ஆம் நூற்றாண்டிலேயே பதிவான ஒரு கோட்டான் இனத்துக்கு இன்னும் தாமதம். தொடையில் முள்போன்ற இறகுகள் கொண்ட அந்தக் கோட்டானின் கூடு அலாஸ்காவில் அகப்பட்டது 1948-இல்தான்!

● கரைப்பறவைகளைக் கடற்கரையிலேயே எண்ணிவிடலாமே, ஏன் துருவம் வரை போக வேண்டும்? நியாயமான கேள்வி. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்த ஒரு கதை இதற்குப் பதில் சொல்கிறது. வலசை போகும் வழியில் ஒரு சேற்றுவெளியில் சிறிய உள்ளான்களை ஆண்டுதோறும் எண்ணிவந்தார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பறவைகள் அழிகின்றன என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் டி.டி.டி. பூச்சிக்கொல்லி தடைசெய்யப்பட்ட பிறகு அந்த வானத்தில் வல்லூறுகள் பெருகியிருந்தன. உள்ளான்கள் பயந்து, தங்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டன. ஐந்து நாள் தங்கும் பறவையைப் பலமுறை எண்ணுவோம். இரண்டே நாளில் கிளம்பும் பறவையைக் கோட்டைவிட்டுவிடுவோம். 2004-இல் வெளியான ஆய்வு இந்த விளக்கத்தை முன்வைத்தது. வழித்தங்கலில் எடுக்கும் கணக்கு, பறவைகளின் எண்ணிக்கையும் அவை தங்கும் நாட்களும் சேர்ந்த கணக்கு. இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. கூடு கட்டிய பறவையோ முட்டை பொரியும்வரை இடம் நகராது.

● ஆனால் தூந்திராவில் எண்ணுவது எளிதென்று நினைத்துவிட வேண்டாம். குளிர்காலத்தில் ஒரே பார்வையில் ஆயிரம் பறவை தெரியும் கூட்டம், இனப்பெருக்க காலத்தில் கண்ணுக்கெட்டாத வெளியெங்கும் இணை இணையாகச் சிதறிவிடும். நல்ல ஈரநிலத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு, நூற்றைம்பது பறவை இருந்தாலே அது பெரிய அடர்த்தி. அதிலும் பாதி, மண்ணோடு மண்ணாக நிறம் கலந்து முட்டைமேல் படுத்திருக்கும்.

● அலாஸ்காவிலும் கனடாவிலும் இதற்குக் கையாளும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஜோனதன் பார்ட், சூசன் ஏர்ன்ஸ்ட் இருவரும் 2002-இல் இதை விரிவாக எழுதினார்கள்.

முதலில் செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தைச் சதுப்பு, ஈரப்பசை நிலம், மேட்டு நிலம் என்று பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றிலும் கட்டங்களைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். ஆய்வாளர் தமக்குப் பிடித்த செழிப்பான இடமாகப் பார்த்து எண்ணினால் கணக்கு ஊதிப்போகும், அதனால்தான் குலுக்கல். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஹெலிகாப்டரில் போய் இறங்கி, ஒரே ஒருமுறை குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கண்டதையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் பறக்கிறார்கள். இது விரைவுக் கணக்கு. இதில் சில பறவைகள் தவறிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை தவறும்?

அதைத் தெரிந்துகொள்ள, சில கட்டங்களில் மட்டும் ஒரு குழு பருவம் முழுக்க முகாமிட்டுத் தங்குகிறது. அங்கே ஒரு கூடு விடாமல் தேடி எடுக்கிறார்கள். அதே கட்டத்தில் விரைவுக் கணக்கும் நடக்கும். முகாம் குழு 10 இணை என்று உறுதிசெய்த இடத்தில் விரைவுக் குழு 8 இணையைக் கண்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மற்ற கட்டங்களில் விரைவுக் குழு கண்ட 80 இணை உண்மையில் 100. தவறவிட்டதையும் அளந்து கணக்கில் சேர்த்துவிடும் இந்த நேர்மைதான் அந்த முறையின் உயிர்.

● இந்தக் கணக்கெடுப்புக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. ஜூன் தொடக்கத்தில் பனி உருகும்போது ஆண் பறவைகள் வானில் பறந்து பாடி இடம் பிடிக்கின்றன. முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் வெளி அடங்கிவிடும். ஜூலையில் குஞ்சு பொரிந்ததும் குடும்பங்கள் கட்டத்தைவிட்டு நகர்ந்துவிடும். பாட்டு ஓயுமுன், குஞ்சு பொரியுமுன் எண்ணி முடிக்க வேண்டும். பனி தாமதமாக உருகும் ஆண்டில் தேதியெல்லாம் தள்ளிப்போகும். சூரியன் மறையாத ஊர் என்பதால் வேலைநேரத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. பனிக்கரடி நடமாடும் இடங்களில் துப்பாக்கியும் கூடவே போகிறது.

● படுத்திருக்கும் பறவையை எப்படிக் கண்டுபிடிப்பது? நீளமான கயிற்றின் இரு முனையையும் இருவர் பிடித்துக்கொண்டு, தரையோடு உரச இழுத்தபடி நடக்கிறார்கள். கயிறு நெருங்கும்போது பறவை விருட்டென்று எழும். பின்னால் வரும் மூன்றாமவர் அது எழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் போச்சு, புல்லுக்கும் பாசிக்கும் இடையில் உள்ளங்கை அகலக் குழியை மறுபடி தேடுவது மிகக் கடினம்.

● கூடு கிடைத்தால் அடுத்த கேள்வி: முட்டையிட்டு எத்தனை நாளாகிறது? விடை ஒரு குவளைத் தண்ணீரில் இருக்கிறது. முட்டையை மெல்ல நீரில் விடுவார்கள். புது முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சில நாளான முட்டையின் அகன்ற முனை சற்றே மேலெழும்பும். ஒரு வாரம் போல ஆகிவிட்டால் அடியிலேயே செங்குத்தாக நிற்கும். அதன் பிறகு மிதக்கத் தொடங்கி, அகன்ற முனை நீர்ப்பரப்புக்கு வெளியே தலைகாட்டும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேற வெளியேற உள்ளிருக்கும் காற்றறை பெரிதாவதுதான் காரணம். சாய்வுக் கோணத்தையும் மிதக்கும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, துடைத்து, முட்டையைக் கூட்டில் வைத்துவிடுகிறார்கள். சில நிமிட வேலை. குஞ்சு எப்போது பொரியும் என்பது சில நாள் வித்தியாசத்துக்குள் தெரிந்துவிடும்.

● பெரும்பாலான கரைப்பறவைகள் இடுவது சரியாக நான்கு முட்டை. கூர்முனைகள் நடுவில் கூடும்படி அடுக்கப்பட்டிருக்கும். சின்ன உள்ளான் இனங்களில் அந்த நான்கின் மொத்த எடை தாயின் எடைக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

● அந்த முட்டைகளுக்கான சத்தைத் தெற்கிலிருந்தே பறவை சேர்த்துக் கொண்டுவருகிறது என்றுதான் நெடுநாள் கருதினார்கள். 2001-இல் கார்பன் ஐசோடோப்புகளைச் சோதித்தபோது வேறு விடை வந்தது: முட்டைக்கான சத்து தூந்திராவிலேயே தின்ற பூச்சிகளிலிருந்து வருகிறது! வந்து இறங்கிய சில நாட்களில் பனி விலகிய திட்டுகளில் இரை கிடைக்காவிட்டால் முட்டையே இல்லை. எந்தத் திட்டில் பனி முதலில் விலகுகிறது என்று ஆய்வாளர்கள் அக்கறையோடு குறித்துவைப்பதற்கு இதுவே காரணம்.

● தூந்திராவின் பல பகுதிகளில் பெய்யும் மழையும் பனியும் சேர்த்து அளந்தால் பாலைவனத்தின் அளவுதான் தேறும். ஆனாலும் எங்கு பார்த்தாலும் தண்ணீர். அடியில் நிரந்தரமாக உறைந்த மண் நீரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கிப் பிடித்திருக்கிறது.

● விமானத்திலிருந்து பார்த்தால் அந்த நிலம் பலகோணக் கட்டங்களாகத் தெரியும். மண் வெடிப்புகளில் நீர் இறங்கி உறைந்து, ஆண்டுக்காண்டு பருத்து, ஓரங்களை வரப்புபோல உயர்த்திவிடுகிறது. நடுவில் நீர் தேங்கும். இந்த ஒரு முழ உயர வித்தியாசம் பறவைக்குப் பெரிய விஷயம். ஃபாலரோப் பறவைகளுக்கு நீர் தேங்கிய கோரைப்புல் வேண்டும். டன்லின் உள்ளான் ஈரநிலத்தின் நடுவே சற்று உயர்ந்த வரப்பைத் தேடும். பொன்னிற உப்புக்கொத்திக்கு உலர்ந்த மேடுதான் பிடிக்கும். ஒரு கட்டத்தில் சதுப்பு எவ்வளவு, மேடு எவ்வளவு என்று தெரிந்தால், அங்கே யார் குடியிருப்பார்கள் என்று அனுபவசாலிகள் இறங்குமுன்பே சொல்லிவிடுவார்கள். உறைமண் உருகி வரப்பு சரிந்தால் குடியிருப்பவர்களும் மாறிப்போவார்கள்.

● அலாஸ்காவின் ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் கடலோரச் சமவெளியில் 2002, 2004 ஆண்டுகளில் இந்த முறையில் கணக்கெடுத்தார்கள். சுமார் 2,30,000 கரைப்பறவைகள் என்று மதிப்பீடு வந்தது. சதுப்பிலும் ஆற்றோரங்களிலும் அடர்த்தி அதிகம். பிழைவரம்பு பெரிதுதான், ஆனாலும் அதற்கு முன் கையில் இருந்தது வெறும் ஊகம். இதே சமவெளியை எண்ணெய்க் குத்தகைக்குத் திறந்துவிட 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. துளையிடும் இயந்திரம் வருமுன்பே எடுத்துவைத்த கணக்கு இருந்தால்தான், பின்னால் ‘இங்கே ஒன்றும் குறையவில்லை’ என்று யாரும் வாய்க்கு வந்தபடி சொல்ல முடியாது. மேற்கே டெஷெக்புக் ஏரிப் பகுதியில் இதைவிடவும் அதிகம். ஐந்து லட்சத்துக்கும் மேல். அதுவும் பெட்ரோலிய ஒதுக்கு நிலத்துக்குள்தான் கிடக்கிறது.

● மார்புக்கோட்டு உள்ளானின் ஆண் பறவை கணக்கெடுப்பவர்களைத் திணறடிக்கும் ஆசாமி. தொண்டைப் பையை ஊதி, தூந்திராவின்மேல் தாழப் பறந்து ஆழ்ந்த குரலில் ஓசை எழுப்பும். அடைகாப்பதில் அதற்குப் பங்கே இல்லை. அலாஸ்காவின் வடமுனை ஊரான உட்கியாக்விக்கில் (பழைய பெயர் பாரோ) 100 ஆண் பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தார்கள். ஒரே பருவத்தில் 24 இடங்கள்வரை போய்ப் பெண் தேடிய பறவைகள் உண்டு. வந்து சேர்ந்த பிறகு 13,000 கிலோமீட்டர் சுற்றியதும் உண்டு. முடிவு 2017-இல் வெளியானது. இன்று இந்தக் கட்டத்தில் எண்ணிய ஆண், அடுத்த வாரம் ரஷ்யாவில் வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கலாம்!

● தூக்கத்திலும் அது அசாதாரணப் பறவைதான். சில ஆண்கள் 19 நாட்கள் தொடர்ந்து, நேரத்தில் 95 சதவீதம் விழித்தே இருந்ததை 2012-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. குறைவாகத் தூங்கியவைதான் அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தை ஆயின.

● ஃபாலரோப் இனத்தில் பளிச்சென்ற நிறம் பெண்ணுக்கு; மங்கல் நிறம் ஆணுக்கு. முட்டையிட்டதும் பெண் கிளம்பிவிடும். அடைகாப்பதும் குஞ்சைக் காப்பதும் தந்தையின் பொறுப்பு.

● கொசு உள்ளான் வேறு மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளும். பெண் ஒரு கூட்டில் முட்டையிட்டு ஆணிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னொரு கூட்டில் இட்டுத் தானே அடைகாப்பதுண்டு. ஒரு கூட்டுக்கு இரண்டு பறவை என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினால் இந்த இனத்தில் கணக்கு தவறும்.

● அடைகாக்கும் காலத்தில் நாட் உள்ளான் தன் இறகில் பூசும் மெழுகையே மாற்றிக்கொள்கிறது. புது மெழுகு எளிதில் ஆவியாகாது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் பழக்கிய நாயை வைத்துச் சோதித்தபோது, புது மெழுகை மோப்பம் பிடிக்க அது கூடுதலாகச் சிரமப்பட்டது. நரியின் மூக்குக்குத் தப்பும் வழி இது!

● நரி நெருங்கிவிட்டால் சில உள்ளான்கள் இறகைத் தொங்கவிட்டு, உடம்பைக் குறுக்கி, கீச்சிட்டபடி தரையோடு எலிபோல ஓடும். நரி அதைத் துரத்திக்கொண்டு கூட்டைவிட்டு விலகிப்போகும். தூந்திராவில் லெமிங் என்ற கொழுத்த எலி நரியின் அன்றாட உணவு. அதைத்தான் பறவை நடித்துக் காட்டுகிறது.

● அந்த லெமிங் எலிகள் மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகி, உடனே சரிந்துவிடும். எலி மலிந்த ஆண்டில் நரியும் ஸ்குவா பறவையும் வயிறு நிறைந்திருப்பதால் உள்ளானின் முட்டைகள் பிழைக்கும். எலி குறைந்த ஆண்டில் முட்டைக்குக் கேடு. சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்தில் எலி எப்படி இருந்தது என்பதை, சில மாதம் கழித்துத் தென்னாப்பிரிக்கக் கரையோரத்தில் வளைமூக்கு உள்ளான் கூட்டத்தில் இளம்பறவை எத்தனை என்று எண்ணியே ஊகிக்க முடிந்தது.

● அவ்வளவு வடக்கே போய் முட்டையிடுவதில் என்ன லாபம்? லாரா மெக்கினன் குழு கனடாவில் துணை ஆர்க்டிக்கிலிருந்து உச்சி வடக்குவரை 29 பாகை அட்சரேகைத் தூரத்தில் போலிக் கூடுகள் வைத்துப் பார்த்தது. ஒவ்வொரு பாகை வடக்கே போகப்போக முட்டை பறிபோகும் அபாயம் 3.6 சதவீதம் குறைந்தது. முடிவு 2010-இல் வெளியானது. பயணத்தின் கூலி அங்கே கிடைக்கிறது.

● அந்தக் கூலி எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை. 2018-இல் கிரீன்லாந்தின் வடகிழக்கே ஸாக்கன்பெர்க் நிலையத்தைச் சுற்றி அளவுக்கு மீறிப் பனி விழுந்து, கோடை நடுவரை உருகாமல் கிடந்தது. அந்த ஆண்டு பெரும்பாலான உயிரினங்கள் இனப்பெருக்கமே செய்யவில்லை. வந்த உள்ளான்கள் சிலவும் பசியால் மெலிந்து கிடந்தன. 1990-களிலிருந்து இடைவிடாமல் கணக்கெடுத்த இடம் என்பதால்தான் அது எவ்வளவு பெரிய தோல்வி என்று சொல்ல முடிந்தது.

● பனி சீக்கிரம் உருகினாலும் ஆபத்துதான். டைமிரில் பனி உருகும் நாள் 33 ஆண்டுகளாக, ஆண்டுக்குச் சுமார் அரை நாள் வீதம் முன்னால் வந்திருக்கிறது. நாட் உள்ளானின் குஞ்சு பொரியும்போது பூச்சிகள் உச்சத்தைத் தாண்டிவிடுகின்றன. குஞ்சு சிறுத்த உடம்போடும் குட்டை அலகோடும் வளர்கிறது. பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரித்தானியக் கடற்கரைக்குப் போனால், மணலில் ஆழப் புதைந்த சிப்பி அந்த அலகுக்கு எட்டுவதில்லை. கடற்புல்லின் கிழங்கைத் தின்று ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. 2016-இல் யான் வான் ஹில்ஸ் குழு இதை வெளியிட்டது. துருவத்தில் நேர்ந்த தீங்கு, வெப்பமண்டலத்தில் உயிரைக் குடிக்கிறது. படித்ததிலிருந்து என்னை விட்டு அகலாத ஆய்வு இது.

● ஹட்சன் விரிகுடாக் கரையில் இடையூறு செய்வது பனி வாத்து. தெற்கே அமெரிக்க வயல்களில் சிந்திய தானியத்தைத் தின்று பெருகிய வாத்துக் கூட்டம், கோடையில் வடக்கே வந்து கோரைப்புல்லை வேரோடு பிடுங்குகிறது. மண் வெளுத்து உப்புப் பூக்கிறது. புல் மறைவில் கூடு கட்டும் உள்ளானுக்கு இடமில்லை.

● குஞ்சு பொரித்ததும் வீட்டு விலாசம் மாறிவிடும். பொரித்த ஒரு நாளுக்குள் குஞ்சுகள் தாமே இரை தேடி நடக்கும். பூச்சி நிறைந்த ஈரப்பகுதிக்குக் குடும்பம் பெயரும். ஜூலை, ஆகஸ்டில் ஆற்றுக் கழிமுகங்களிலும் கடலோரச் சேற்றிலும் கூடிக் கொழுப்பேற்றிக்கொண்டு தெற்கே கிளம்பும். ஜூன் மாதக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ‘கூடு இல்லாத சேற்றுக்கரையில் கட்டுமானம் செய்யலாம்’ என்று முடிவெடுப்பது பெருந்தவறு.

● அந்தக் கொழுப்பின் வலிமைக்கு ஒரு சான்று: 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. அதற்கு வயது ஐந்தே மாதம்!

● மாஸ்கோவின் பாவெல் தோம்கோவிச், மிஹயில் சொலோவியோவ் இருவரும் 1990-களின் இறுதியிலிருந்து ஆர்க்டிக் முழுவதிலும் களப்பணி செய்பவர்களிடம் ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்டுத் தொகுத்தார்கள். பனி எப்போது உருகியது, லெமிங் உண்டா, நரி உண்டா, கூடுகள் பிழைத்தனவா என்பவைதான் கேள்விகள். எளிய கேள்விகளுக்குப் பல இடங்களிலிருந்து வந்த பதில்களைச் சேர்த்தபோது, ஒரு முழுக் கோடையின் நிலவரம் வரைபடமாகவே கிடைத்தது.

● 1970-க்குப் பிறகு வட அமெரிக்காவின் கரைப்பறவைகளில் 37 சதவீதம் குறைந்துவிட்டதாக 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு கணித்தது. இன்னொரு ஆய்வு ஆர்க்டிக்கில் கூடு கட்டும் 24 கரைப்பறவை இனங்களை எடுத்துக்கொண்டு பார்த்தது. 2070-க்குள் அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை, தங்களுக்கு ஏற்ற நிலத்தின் பெரும்பகுதியை இழக்கலாம் என்றது. எஸ்கிமோ கோட்டானின் கூட்டைக் கடைசியாக உறுதிசெய்தது 1866-இல். உறுதியாகப் பதிவான கடைசிப் பறவை 1963-இல் பார்படோஸ் தீவில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் எண்ணிக்கையை யாரும் எண்ணிவைத்திருக்கவில்லை.

● கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டிவருகிறார்கள். அந்தச் சதுப்பு 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நீங்கள் பார்க்கும் உள்ளானின் காலில் வண்ணக் கொடி தெரிந்தால், எந்தக் கால், எந்த நிறம் மேலே, எது கீழே, எழுத்து என்ன என்று குறித்துக் கழகத்துக்கு அனுப்புங்கள். கொடி இல்லாவிட்டாலும் ஒரு வேலை இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் கூட்டத்தில், முதுகு இறகுகளின் ஓரத்தில் வெளிர்நிறக் கோடு தெரிபவை அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள். நூறு பறவைக்கு எத்தனை குஞ்சு என்று எண்ணிப் பாருங்கள். வளர்ந்த பறவைகள் முதலிலும் இளம்பறவைகள் பின்னாலும் வருவதால் ஒருநாள் கணக்கு போதாது. வாரம் ஒருமுறை எண்ணித் தேதியோடு எழுதிவைக்க வேண்டும்.